வேலையிடத்தில் பாலியல் தொல்லை: சுங்கை சிப்புட் பெண்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, நிற்கும் பெண்களும், ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய்வரும் அவர்களுடைய மகள்களும், பட்டணத்துக் கடைகளிலும் கிளினிக்குகளிலும் வேலை செய்யும் இளம்பெண்களும் கேட்ட கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. புகார்க் கடிதம் எழுதத் துணையிருப்பதும், தொழிலாளர் இலாகாவுக்கும் காவல் நிலையத்துக்கும் கூடப் போவதுமே நான் செய்வது. அப்படிப் போய்வந்ததில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டேன்: வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடுகிறது, தேதியிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிய புகாரை அவ்வளவு எளிதில் யாராலும் மறைக்க முடிவதில்லை. ஆகவே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

கையால் தொட்டால்தான் சட்டப்படி பாலியல் தொல்லையா?

இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதை விரிவாகவே வரையறுக்கிறது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் ஒருவருக்கு எதிராக நிகழும், அவர் விரும்பாத, பாலியல் தன்மையுள்ள எந்த நடத்தையும் அவரைப் புண்படுத்தினாலோ, இழிவுபடுத்தினாலோ, அவருடைய நலனுக்கு அச்சுறுத்தலாக இருந்தாலோ அது பாலியல் தொல்லை. அந்த நடத்தை பேச்சாக இருக்கலாம், பேச்சற்றதாக இருக்கலாம், படமாகவோ சைகையாகவோ உடல் தீண்டலாகவோ இருக்கலாம்.

நம் தோட்டங்களில் இது எப்படி வரும் என்பது பெண்களுக்கு நன்றாகத் தெரியும். மருந்தடித்துவிட்டு வந்து உடை மாற்றும் நேரம் பார்த்துக் கொட்டகைப் பக்கம் வந்து நிற்பது, உதிரிப் பழம் பொறுக்கக் குனியும்போது உடம்பைப் பற்றிப் பேசுவது, இரவில் ஆபாசக் காணொளி அனுப்பிவிட்டுக் காலையில் “பார்த்தாயா?” என்று கேட்பது ஆகிய எல்லாமே இந்த வரையறைக்குள் அடங்கும். “சொன்னபடி கேட்டால் மேடில்லாத நிரை தருகிறேன், இல்லாவிட்டால் செக்ரோலில் அரை நாள்தான் விழும்” என்று மிரட்டுவதும் அடங்கும் (நிரை என்பது மர வரிசை, செக்ரோல் என்பது வருகையும் கூலியும் பதியும் ஏடு). மனிதவள அமைச்சு 1999இல் வெளியிட்ட நடத்தை நெறி, வேலைப் பலனோடு முடிச்சுப் போடும் இத்தகைய மிரட்டலைப் பாலியல் கட்டாயம் என்றும், அப்படி முடிச்சு இல்லாமலே வேலையிடத்தைச் சகிக்க முடியாததாக்குவதைப் பாலியல் நச்சரிப்பு என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டியது. அந்த நெறி முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமல்ல. ஆனாலும் நடந்ததற்குப் பெயர் வைக்க அது உதவுகிறது.

2016இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை இங்கே குறிப்பிட வேண்டும். ஓர் அரசு சார்ந்த நிறுவனத்தில் உயர்பதவியில் இருந்த பெண்ணிடம் அவருடைய மேலதிகாரி ஆபாசமாகப் பேசிவந்தார்; தம்மை இரண்டாந்தாரமாக மணக்கும்படியும் பலமுறை கேட்டார். அந்த வழக்கு முழுவதும் பேச்சைப் பற்றியது. பாலியல் தொல்லை தனியாகவே வழக்குத் தொடுக்கத்தக்க ஒரு தீங்கு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றதும், அப்பெண்ணுக்கு மொத்தம் 120,000 ரிங்கிட் இழப்பீடு உறுதியானதும் அந்தத் தீர்ப்பில்தான். “சும்மா பேசினான், வேறொன்றும் செய்யவில்லையே” என்று சமாதானம் சொல்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கே போதிய பதில்.

வேலை முடிந்து லாரியில் திரும்பும்போது நடந்தது. ஆண்டு விருந்தில் நடந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது. இவையெல்லாம் வேலையிடமா?

வேலையின் காரணமாகவே நீங்கள் அந்த லாரியில் இருந்தீர்கள், அந்த விருந்துக்குப் போனீர்கள், உங்கள் தொலைபேசி எண் அவருக்குக் கிடைத்தது என்றால் அது வேலையோடு சேர்ந்ததே. மேலே சொன்ன 1999ஆம் ஆண்டு நெறியும் வேலை தொடர்பான பயணம், விருந்து, தொலைபேசி, மின்னணுத் தொடர்பு ஆகியவற்றை வெளிப்படையாகவே சேர்த்துக்கொள்கிறது.

மேற்பார்வையாளரான மண்டோரே தொல்லை கொடுக்கிறார். புகாரையும் அவர் மூலமாகத்தான் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தோட்டத்தில் எந்தக் குறையையும் முதலில் மண்டோரிடம் சொல்லி, பிறகு கிராணி (அலுவலக எழுத்தர்), அதன் பிறகே துரை (நிர்வாகி) என்று படிப்படியாகப் போவது பழைய வழக்கம். அந்த வழக்கத்தைச் சட்டம் உங்கள்மேல் சுமத்தவில்லை. புகார் முதலாளிக்குச் சேர வேண்டும் என்பதே சட்டத்தின் கோரிக்கை. எனவே தோட்ட நிர்வாகியின் பெயருக்கு எழுதலாம். தோட்டம் பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமானது என்றால் அதன் தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கும் நகல் அனுப்பலாம். நிர்வாகியும் மண்டோரும் கூடிக் குலாவுகிறவர்கள் என்று தெரிந்தால் அந்த நகல்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

நேரில் கொடுத்தால் இரண்டு பிரதிகளோடு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் நிலைய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு பெண் மூன்று முறை நேரில் போய் அழுது முறையிட்டும், பின்னர் விசாரணை வந்தபோது “எங்களிடம் எந்தப் புகாரும் வரவில்லை” என்று அவருடைய தோட்ட அலுவலகம் எழுதிக்கொடுத்ததை நான் நேரில் கண்டேன். அன்றிலிருந்து ரசீது இல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

புகார் கிடைத்ததும் நிர்வாகம் என்ன செய்யக் கடமைப்பட்டது?

விசாரிக்கக் கடமைப்பட்டது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள 15ஏ பகுதி, பாலியல் தொல்லைக்காகவே எழுதப்பட்டது. அதன்படி முதலாளி புகாரை விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் புகார் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுப்பதற்கும் சட்டம் இரண்டு காரணங்களையே இடம்விடுகிறது: அதே புகார் முன்பே விசாரிக்கப்பட்டு நிரூபிக்கப்படாமல் போயிருக்க வேண்டும், அல்லது அது அற்பமானது, தொந்தரவு தருவதற்காகவே கொடுக்கப்பட்டது, நல்லெண்ணத்தோடு கொடுக்கப்படவில்லை என்று முதலாளி கருத வேண்டும். “அறுவடைக் காலம், இப்போது நேரமில்லை” என்பதோ “அவர் இருபது வருட ஆள்” என்பதோ அந்தக் காரணங்களில் இல்லை.

இந்த 30 நாள் கணக்கு புகார் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது. அந்தத் தேதிக்குச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொல்லை நிரூபணமானால், குற்றம் செய்த தொழிலாளியை முன்னறிவிப்பின்றி வேலைநீக்கம் செய்யலாம், பதவி இறக்கலாம், அல்லது அதற்குக் குறைந்த தண்டனை தரலாம். சம்பளமின்றி இடைநீக்கம் செய்வதானால் அது இரண்டு வாரங்களைத் தாண்டக்கூடாது. இந்தக் கடமைகளில் தவறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க முடியும். முன்பு 10,000ஆக இருந்த அந்த உச்சவரம்பு, 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் உயர்ந்தது. பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்ற கடமையும் அந்தத் திருத்தத்தோடு வந்ததே. உங்கள் பெரட்டுக் களத்தில் அப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதையும் புகாரில் ஒரு வரியாக எழுதுங்கள்.

மாதச் சம்பளம், நாள் சம்பளம், எடைக்கணக்குச் சம்பளம் என்ற பேதம் இந்தப் பகுதிக்கு இல்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் தொழிலாளி என்றால் பொருந்தும்.

30 நாளும் போய்விட்டது, நிர்வாகம் வாயே திறக்கவில்லை. அடுத்து எங்கே போவது?

தொழிலாளர் இலாகாவுக்கு. நம் வட்டாரத்துப் பெண்கள் பெரும்பாலும் ஈப்போ அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள். புகார் அங்கே வந்தால், அதை மதிப்பிட்டு, விசாரணை நடத்தும்படி முதலாளிக்கு உத்தரவிடத் தொழிலாளர் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. அப்படி உத்தரவு வந்தால் முதலாளி விசாரித்து 30 நாள்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பதே தனிக் குற்றம்.

இலாகாவுக்குப் போகும்போது நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், ரசீது, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நாள் சம்பளக்காரருக்கு அங்கே போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஒரு தாள் குறைந்து திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டாவது நாள் கூலியும் போகும். மூன்றாவது முறை பலர் போவதேயில்லை.

நான் தோட்டத்து ஆளே அல்ல, குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறேன். அவரே தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது?

இது இப்போது மிகுதியாக வரும் கேள்வி. உரம் போடவும் மருந்தடிக்கவும் உதிரிப் பழம் பொறுக்கவும் தோட்டங்கள் குத்தகைக்காரர்களை அமர்த்துகின்றன. அங்கே உங்கள் முதலாளி அந்தக் குத்தகைக்காரர்தான். அவருக்கு எதிரான புகாரை அவரே விசாரிப்பது நியாயமாகாது என்பதைச் சட்டம் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. முதலாளி தனியொருவராக நடத்தும் தொழில் என்றால், அவருக்கு எதிரான புகாரைத் தலைமை இயக்குநரே விசாரிக்க வேண்டும். தொல்லை நிரூபணமானால் நீங்கள் முன்னறிவிப்புக் கொடுக்காமலே வேலையை விட்டு விலகலாம். அப்படி விலகினாலும் முன்னறிவிப்புக் காலத்துச் சம்பளமும் பணிமுடிவுப் பலன்களும் உங்களுக்குச் சேர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கணக்கு இல்லையென்றால் அந்த முன்னறிவிப்புக் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதற்கு ஆறு வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் எட்டு வாரம்.

வேலைக்கு ஒப்பந்தத் தாளே இல்லை என்று தயங்க வேண்டாம். யார் வேலையை ஏவினார், யார் நேரத்தை நிர்ணயித்தார், யார் கருவியும் கூலியும் கொடுத்தார் என்பதைக் கொண்டு முதலாளி யாரென்று அனுமானிக்க, மேலே சொன்ன 2023இல் நடப்புக்கு வந்த திருத்தம் வழி செய்திருக்கிறது. கூலி கொடுக்கப்பட்ட வங்கிக் கணக்குப் பதிவு, வேலைக்கு அழைத்த குறுஞ்செய்தி போன்றவற்றை வைத்திருங்கள்.

புத்ராஜெயாவில் இதற்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறதாமே?

இருக்கிறது, அதை நம் பக்கத்துப் பெண்கள் இன்னும் போதிய அளவு அறியவில்லை என்பதே என் வருத்தம். 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது 840ஆம் எண் சட்டம், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ் இதற்கெனத் தனித் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது. அது 2024 மார்ச் 8 முதல் புகார்களை ஏற்கத் தொடங்கியது. மலாயில் அதைச் சுருக்கமாகத் ‘தாக்ஸ்’ என்கிறார்கள்.

வேலைவாய்ப்புச் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே முதலாளி, தொழிலாளி என்ற உறவு இருக்க வேண்டும்; இங்கே அது தேவையில்லை. பழம் ஏற்ற வரும் வெளி லாரி ஓட்டுநர், கடைக்கு வரும் வாடிக்கையாளர், தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர் என யார்மேலும் புகார் கொடுக்கலாம். இன்னொரு வேறுபாடு, பாதிக்கப்பட்டவர் கையில் என்ன கிடைக்கிறது என்பது. நிர்வாக விசாரணையில் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கலாம், உங்களுக்கு ஒரு காசும் வராது. தீர்ப்பாயமோ 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். பலர் முன் நடந்த தொல்லை என்றால் அந்த மன்னிப்பை வெளியிடவும் சொல்லலாம். குறிப்பிட்ட பயிற்சிக்குப் போகும்படியும் கட்டளையிடலாம். இழப்பீட்டு உத்தரவை மீறுகிறவருக்கு அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

விசாரணை மூடிய அறையில் நடக்கும். பொதுமக்கள் உட்கார்ந்து கேட்க முடியாது. மூவர் கொண்ட குழுவில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுவாக இரு தரப்புக்கும் வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை, எனவே வழக்கறிஞர் கட்டணம் என்ற மலை இங்கே இல்லை. எதிராளி பணக்காரர் என்றால் பெரிய வழக்கறிஞரைக் கொண்டுவந்து உங்களைத் திணறடிப்பார் என்ற பயமும் குறைகிறது. முதல் விசாரணை நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

வழக்கறிஞர் இல்லை என்பது ஒருபுறம் வசதி, மறுபுறம் பொறுப்பு. உங்கள் கதையை நீங்களேதான் தேதி வரிசையில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிப் பழகாமல் அங்கே போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் முன் இரண்டு முறையாவது சொல்லிப் பாருங்கள். முதல் முறை அழுகை வரும், இரண்டாவது முறை தேதிகள் வரும்.

போலீஸ் புகார் எப்போது செய்ய வேண்டும்?

உடம்பில் கை வைத்திருந்தால், வைக்க முயன்றிருந்தால், மிரட்டியிருந்தால், பின்தொடர்ந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். குற்றவியல் சட்டத்தின் 354ஆம் பிரிவு, ஒருவருடைய மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு தாக்குவதையோ பலவந்தப்படுத்துவதையோ 10 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு வரை விதிக்கத்தக்க குற்றமாக்குகிறது. மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் 509ஆம் பிரிவு உண்டு. அதற்கு 5 ஆண்டு வரை சிறை. விடாமல் பின்தொடர்வது 2023இல் சேர்க்கப்பட்ட 507ஏ பிரிவின்கீழ் வரும். அதற்கு 3 ஆண்டு வரை. ஆபாசப் படம் அனுப்புவது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்கீழும் குற்றமாகலாம்.

பலாத்காரம் நடந்திருந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், நேரே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில், ஈப்போ மருத்துவமனையிலும், இத்தகையவர்களுக்காக ஒரே இடத்தில் சிகிச்சை, பரிசோதனை, போலீஸ் புகார் ஆகிய எல்லாவற்றையும் கவனிக்கும் நெருக்கடிப் பிரிவு உண்டு. போலீஸ் நிலையத்துக்குப் போய்வந்த பிறகுதான் மருத்துவமனை என்று நினைத்து யாரும் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் தமிழில் சொல்வதைப் பணியிலிருக்கும் காவலர் மலாயில் பதிவு செய்வார். பதிந்ததை உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. படித்துக்காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவது நல்லது. “கையைப் பிடித்து இழுத்தார்” என்று சொன்னது “வாக்குவாதம் ஏற்பட்டது” என்று எழுதப்பட்டிருந்ததை ஒருமுறை கடைசி நேரத்தில் கவனித்துத் திருத்த வைத்தோம். புகாரின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாமா?

நிர்வாகப் புகாரும் போலீஸ் புகாரும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டுத் தொடுக்கும் சிவில் வழக்குக்கும் இடையில் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒரே விவகாரத்தை ஒரே நேரத்தில் இரண்டிலும் நடத்த முடியாது. எதைத் தேர்வது என்பதை முடிவுசெய்யும் முன் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்சியே இல்லை. காட்டுக்குள் நடந்ததற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

செம்பனைக் காட்டுக்குள் பத்து நிரை தள்ளி நிற்பவருக்குக் கூடக் குரல் கேட்காது. தொல்லை கொடுப்பவர்களும் அதை அறிந்தே இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணால் கண்ட சாட்சி இல்லாததாலேயே புகார் தள்ளுபடியாகிவிடாது. நிர்வாக விசாரணையிலும் தீர்ப்பாயத்திலும் சிவில் வழக்கிலும் கேட்கப்படும் நிரூபண அளவு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறதா என்பதுதான். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது குற்ற வழக்கில் மட்டுமே.

ஆகவே சிறு சிறு துண்டுகளைச் சேர்த்துவையுங்கள். ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் போதும். அன்றன்று தேதி, நேரம், எந்த நிரை அல்லது எந்தப் பிரிவு, சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் யார் இருந்தார்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் அதையே எழுதுங்கள். “தகாதபடி பேசினார்” என்று எழுதினால் பின்னால் படிக்கும் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. அன்று மாலையே அக்காவிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொல்லியிருந்தால் அவர் முக்கியமான சாட்சி, ஏனென்றால் நீங்கள் பின்னர் கட்டிய கதை இல்லை என்பதை அவரால் சொல்ல முடியும். மறுத்த வாரத்திலிருந்து உங்களுக்கு மோசமான நிரைகளே கிடைத்தன என்றால் செக்ரோலும் சம்பளச் சீட்டும் அதைக் காட்டும். குறுஞ்செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து, வேறொருவருக்கும் அனுப்பிவையுங்கள். தூக்கமில்லை, படபடப்பு என்று கிளினிக்குக்குப் போனால் காரணத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது அட்டையில் பதிவாகும்.

வாய் திறந்தால் வேலை போகும், வேலை போனால் தோட்ட வீடும் போகும். எங்கே போவது?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான். நகரத்தில் ஒரு பெண் வேலையை இழந்தால் சம்பளத்தை இழக்கிறாள். தோட்டத்தில் இழந்தால் கூரையையும், ஆயக்கொட்டகையில் விடும் குழந்தைக்குள்ள இடத்தையும், சில வீடுகளில் கணவனின் வேலையையும் சேர்த்தே இழக்க நேர்கிறது. 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் புகார் செய்தவரைப் பழிவாங்குவதைத் தனிக் குற்றமாக வைக்காமல் விட்டது பெரிய குறை. மகளிர் அமைப்புகள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டின. நானும் அதே கருத்துடையவள்.

ஆனால் கையில் ஆயுதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புகார் செய்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டால், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரித் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். அதற்கு 60 நாள் கெடு உண்டு. வேலை போன நாளிலிருந்து எண்ணுங்கள். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். அடித்து விரட்டாவிட்டாலும், இருக்க முடியாதபடி செய்து உங்களை விலக வைத்தாலும், அதையும் வேலைநீக்கமாகவே வாதாட வழியுண்டு. அதனால் ராஜினாமாக் கடிதத்தில் “சொந்தக் காரணங்களுக்காக” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். உண்மையான காரணத்தையே எழுதுங்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்து நீட்டும் தாளில் அங்கேயே கையெழுத்திடாமல், வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிவந்துவிடுங்கள்.

புகார்க் கடிதத்திலேயே இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்துவிடுவது என் வழக்கம். ஒன்று, விசாரணை முடியும்வரை என்னை அவர் மேற்பார்வையில் வைக்க வேண்டாம் என்பது. வேறு பிரிவுக்கு மாற்றுவதானால் அவரை மாற்றுங்கள், என்னையல்ல என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் புகார் செய்தவளையே தொலைவான பிரிவுக்கு அனுப்பிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். மற்றொன்று, இந்தப் புகாரால் என் வேலைக்கும் குடியிருப்புக்கும் பாதிப்பு வராது என்று எழுத்தில் உறுதிதர வேண்டும் என்பது. உறுதி தராமலும் போகலாம். ஆனால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் கடிதம் பின்னர் வந்தால், எது முன்னே வந்தது என்பதை அந்தத் தேதிகளே காட்டிவிடும்.

கோயில் தலைவர் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொல்லி முடித்துவிடலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என் கருத்தைக் கேட்டால் வேண்டாம் என்பேன். தோட்டத்துச் சண்டை சச்சரவுகளை உட்கார்ந்து பேசித் தீர்த்த பெரியவர்கள் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சில் பெண் தனியாகவும், எதிராளி தன் ஆட்களோடும் உட்கார்ந்திருப்பார்கள். “குடும்ப மானம்” என்ற சொல் அங்கே பெண்ணின் குடும்பத்தைக் குறித்தே எழும், அவருடைய குடும்பத்தைக் குறித்து எழாது. மறுநாள் காலை அதே பெரட்டில் அதே ஆள் பெயர் கூப்பிடுவார், மன்னிப்புக் கேட்டது எந்தத் தாளிலும் இருக்காது. அடுத்த பெண்ணுக்கு அவர் அதையே செய்யும்போது இது முதல்முறை என்றுதான் பதிவாகும். எப்படியும் பேசத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் புகாரைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டுப் பிறகு போய் உட்காருங்கள்.

எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதிவிட்டுக் கடையில் வேலைக்குப் போகும் என் மகளுக்கு 17 வயது. அவளுக்கும் இதே முறைதானா?

அவளுக்கு இதைவிடக் கடுமையான சட்டம் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் பொருந்தும். பாலியல் நோக்கத்தோடு தொடுவது மட்டுமல்ல, பாலியல் நோக்கத்தோடு பேசுவதும் அதில் குற்றம். கடை முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்காமல் நேரே போலீசுக்குப் போங்கள். இத்தகைய குற்றம் நடப்பது தெரிந்தும் போலீசில் தெரிவிக்காமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றமாகும். இது பெற்றோருக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்களுக்கும் இந்தச் சட்டங்கள் உண்டா? ஆண்கள் புகார் செய்யலாமா?

இரண்டுக்கும் ஆம்.

யார் துணைக்கு வருவார்கள்?

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் வட்டாரக் கிளையை அணுகுங்கள். நிர்வாகத்தோடு பேசும்போது சங்கப் பிரதிநிதி கூட இருப்பது பலம். ஆனால் தோட்டத்துக் கிளைத் தலைவரும் தொல்லை கொடுத்தவரும் உறவினராக இருந்தால் மேல்மட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அரசாங்கத்தின் ‘தாலியன் காசே’ (Talian Kasih) அழைப்பு மையத்துக்கு 15999 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். பினாங்கில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்றத்துக்கான மையம், தலைநகர் வட்டாரத்தில் மகளிர் உதவி அமைப்பு, அவாம், 1991இல் தொடங்கிய தெனாகாநீத்தா போன்றவை ஆலோசனை தருகின்றன. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை ஆகிய இரண்டும் வருமானம் குறைந்தவர்களுக்காக இருப்பவை.

நடந்து மூன்று வருடமாகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

சிவில் வழக்குக்குப் பொதுவான காலவரம்பு ஆறு ஆண்டுகள், ஆகவே அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. 100,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே கேட்கும். அப்போது ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நிச்சயம் வரும். பயந்தேன், வீடு போய்விடும் என்று நினைத்தேன், அம்மா தடுத்தார் என்று உண்மையான காரணத்தை அப்படியே சொல்லுங்கள்.

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. ஒரு மாதிரி தர முடியுமா?

மலாயில் எழுதினால் கோப்பு விரைவாக நகரும். தமிழில் எழுதி ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தாலும் சரி. அலங்காரம் வேண்டாம். இவ்வளவு போதும்:

“நிர்வாகி அவர்களுக்கு. நான் இந்தத் தோட்டத்தில் இத்தனை ஆண்டாக மருந்தடிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இன்ன தேதி காலை சுமார் 7 மணிக்கு, இன்ன பிரிவில், மேற்பார்வையாளரான இன்னார் என்னிடம் இப்படிச் சொன்னார், இப்படிச் செய்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். அன்று மாலை இன்னாரிடம் இதைத் தெரிவித்தேன். இதற்கு முன்பும் இன்ன தேதிகளில் இப்படி நடந்தது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15ஏ பகுதியின்படி இதை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விசாரணை முடியும்வரை அவர் மேற்பார்வையில் என்னை வைக்க வேண்டாம். இந்தப் புகாரால் என் வேலைக்கும் குடியிருப்புக்கும் பாதிப்பு வராது என்று எழுத்தில் உறுதிதர வேண்டுகிறேன். விசாரிக்க மறுத்தால் காரணத்தை 30 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இணைப்பு: குறுஞ்செய்திப் படங்கள் நான்கு. இதன் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்ட தேதியிட்டுக் கையொப்பமிட்டு என்னிடம் திருப்பித் தரவும்.”